யன்னல்

ஈரோட்டிலிருந்து கொண்டுவந்தது
நாற்பது பட அட்டை, ஒரு கட்டு மதிப்பெண் தாள்.
பள்ளிக்கூடம் டச்பேக்குப் பக்கத்தில்.
எனக்கென்று ஒதுக்கியது விளையாட்டுச் சாமான் அறை.
கிழிந்த கரப்பந்து வலைக்கும்
காற்றுப்போன மூன்று பந்துகளுக்கும் நடுவே என் மேசை.
பேச்சு திருந்தாத பிள்ளைகளுக்குப்
பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவள் நான்.

முதல் நாள், முதல் அட்டை.
"இது என்ன, சொல்லுங்க பார்க்கலாம்?"
"யன்னல்."
ஜ வரவில்லை என்று சுழித்தேன்.
அடுத்த பிள்ளையும் யன்னல்.
றிம்ஸானும் யன்னல், ஷதுர்ஷியும் யன்னல்.
ஐந்தாவது பிள்ளைக்கு அட்டையைத் தூக்குகையில்
வெளியே அதிபர் யாரையோ அதட்டினார்:
"அந்த யன்னலைச் சாத்துங்கோ, மழை அடிக்குது!"

நான்கு சுழியையும் அழிக்க ரப்பர் கேட்டேன்.
ஒருத்தருக்கும் விளங்கவில்லை.
கையால் செய்துகாட்டியதும்
"ஓ, அழிறப்பர்!" என்று ஒரே குரலில் சிரிப்பு.
"டீச்சர் படத்துல கதைக்கிற மாதிரியே கதைக்கிறா."
அன்றைக்குத் திருத்தப்பட்டது நான்தான்.

ஜெசிந்தா அக்கா வீட்டில் மேல் அறை.
மூன்று வாரம் அவர் சம்பலைப் புகழ்ந்து சாப்பிட்டபிறகு
அதில் மாசி என்று தெரிந்தது.
மாசி மாதம் தெரியும் எனக்கு, மாசிக் கருவாடு தெரியாது.
பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாதவள்
தட்டைப் பார்த்தபடி இருந்தேன்.
"மாசி போடாமல் அதென்ன சம்பல் பிள்ளை?"
அக்கா உண்மையாகவே கேட்டார்.
மறுநாள் எனக்கென்று தனிக் கிண்ணம் வந்தது.
முந்தைய ருசி இல்லை.
அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

கச்சான் என்றால் வேர்க்கடலை, கற்றுக்கொண்டேன்.
"இந்த வருசம் கச்சான் பிந்திட்டுது" என்றார்கள்.
விளைச்சல் சரியில்லையோ என்றேன்.
அது காற்றின் பெயராம்.
பகலில் மேற்கிலிருந்து வந்து
முகத்தில் அடுப்பைத் திறந்துவிடுகிற காற்று.

கவிநேஷுக்கு ஏழு வயது.
அவனுடைய இரண்டு உதட்டுக்கும் நடுவில்
எப்போதும் ஒரு நூல் இடைவெளி.
பகரம் வராது, மகரம் வராது.
பாண் என்பது ஆண். அம்மா என்பது ஆஆ.
கண்ணாடி வைத்துப் பார்த்தாயிற்று.
உதட்டில் சீனி தடவினேன்,
காகிதத் துண்டுகளை ஊதவிட்டேன்,
மெழுகுதிரி அணைக்கவிட்டேன்.
அணைக்க நன்றாகப் பழகினான்.
பேச்சு மட்டும் அப்படியே.

ஒரு இடைவேளையில் மான் உள்ளே வந்தது.
இந்த ஊரில் மானுக்கு மாட்டு மரியாதைதான்.
பஸ் நிலையத்தில் வாழைப்பழத் தோல் தேடித் திரியும்.
நான் கௌப்பிக் கோப்பையோடு வாசலில் நிற்க
மேசையில் தலையைப் போட்டு
முதல் அட்டையைக் கவ்வி மெல்லத் தொடங்கியது.
கவிநேஷ் எழுந்தான்.
"ப்போ!"
உதடு ஒட்டி, வெடித்து, எச்சில் தெறித்து,
எந்தப் பாடப்புத்தகத்திலும் அவ்வளவு சுத்தமான ப இல்லை.
"ப்போ! ப்போ மான்!"
மான் போகவில்லை.
பாதி யன்னல் அதன் வாயில்.

மறுநாள் கேட்டேன்.
"ஓ" என்றான்.
அதற்கடுத்த நாளும் ஓ.
வியாழன் இரவு கொழும்பு ரயிலேறி
விசாவுக்கு இன்னும் முப்பது நாள் வாங்கித் திரும்பி
ஞாபகமாகக் கேட்டேன், ஓ.
மதிப்பெண் தாளில் மானுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் தேதி மட்டும் போட்டு வைத்தேன்.

ஈரோட்டு அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது:
அட்டை ஒன்று குறைகிறதே, எங்கே?
மான் தின்றுவிட்டது என்று அனுப்பினேன்.
சிரிக்கிற முகம் நான்கு வந்தன.
நிஜமாகத்தான் என்று தட்டி, அனுப்பாமல் விட்டேன்.

இரவு பத்தரைக்குக் காற்று எழும்பியது.
தாள்கள் கட்டிலுக்கு அடியில் ஓட,
கீழேயிருந்து அக்கா என்னவோ கத்த,
"யன்னல்தானே அக்கா, சாத்திட்டன்" என்றேன்.
பிறகுதான் எழுந்துபோய்ச் சாத்தினேன்.