வால் தின்னும் காற்று

எண்பது கிலோமீட்டர் வேகத்தில்
ஹெல்மெட்டுக்குள் நுழையும் காற்று
முதலில் தின்பது சொல்லின் வாலை.

தமிழுக்கு அது பெரிய நஷ்டம்.
வருவேனா மாட்டேனா,
நானா நீயா அவர்களா,
நேற்றா நாளையா,
எல்லாவற்றையும் நாம் கடைசியில்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்,
நீளக் கம்பி ஏற்றிய லாரியின்
பின்பக்கச் சிவப்புத் துணிபோல.

காலை ஏழு ஐம்பது. ஆயர் ராஜா விரைவுச்சாலை.
என் பின்பெட்டியில்
ஹெண்டர்சன் ரோட்டு ஆய்வகத்தில் செய்த
யார் யாருடையவோ கடைவாய்ப் பற்கள்.
துவாஸ் துறைமுகத்தில் இரவுப் பணி முடித்து
தயாபரன் கம்பெனி பேருந்தில் ஏறியிருப்பான்.
நான் மேற்கே, அவன் கிழக்கே,
ஒரே சாலையில் இருபத்திரண்டு நிமிடம் பேச்சு.
நடுவில் எங்கோ கடந்துகொள்கிறோம்.
எந்தப் பேருந்து என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

"அழுறியா?" என்றான் ஒருமுறை.
"மூச்சு விடுறேன்."
மைக் என் மூக்குக்கு நேர்கீழே இருந்தது.
இழுப்பது கேட்காது, விடுவது மட்டும்
யாரோ தார்ப்பாயை உதறுவதுபோல் கேட்குமாம்.
பகரத்தில் தொடங்கும் சொல்லெல்லாம் வெடி.
பத்திரம், பசிக்குது, போய்ட்டு வா.
அவன் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொள்வான்.

பூனை விஷயமும் இப்படித்தான்.
வீவக வீட்டில் பூனை வளர்க்கலாம் என்றான பிறகு,
கிரேன் கூட்டாளி ஒருவர் ஊர் திரும்புகிறார் என்று
அவன் ஆரம்பித்தான்.
சாம்பல் நிறம், நீள முடி, நான்கு வயது.
கொண்டு வரட்டுமா?
பெஞ்சுரு திருப்பத்தில் நான் சொன்னேன்: வேண்டாம்.
ஒரு கண்டெய்னர் லாரி என்னைத் தாண்டியது.
அவனுக்குப் போய்ச் சேர்ந்தது: வேண்.
மிச்சத்தை அவனே போட்டுக்கொண்டான்.

அன்று மாலை சோபாவில் பூனை.
நான் சொன்னதையே அதற்குப் பெயராக வைத்தேன்.
"வேண்டாம், கீழ இறங்கு."
"வேண்டாம் சாப்பிட்டுச்சா?"
பக்கத்து வீட்டு ஹுய் மின்
"வெந்தா, வெந்தா" என்று கொஞ்சுகிறாள்.
அவளிடமும் வால் நிற்பதில்லை.

சிம் லிம் டவரில் ஒன்பது வெள்ளிக்கு வாங்கிய கறுப்புப் பஞ்சு
இரண்டே மழையில் ஊறி, மீன்கூடை வாசம் வந்தது.
மூன்றாம் மழைக்கு மேம்பாலத்தடியில் ஒதுங்கி நின்றபோது
உணவு விநியோக ரொஸ்லான்
என் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு
மலாயில் திட்டினான்.
வாய்க்கு நேரே யார் வைப்பார்கள்?
ஓரத்தில் வை, ஒரு விரல் தள்ளி.
மூச்சு நேராகத்தான் போகும்,
பேச்சு வளைந்தும் வரும்.

மூச்சு அடங்கியது.
காற்று அடங்கவில்லை.
தாடைக்குக் கீழே துணி மாட்டினேன்,
கண்ணாடியை இறுக்கி மூடினேன்,
வியர்த்தேன், மூக்கு ஒழுகியது,
ஜூரோங் நகர்மன்றத்தைத் தாண்டுவதற்குள்
அவன் நான்கு முறை "ஆ?" என்றான்.

பிறகு ஒரு ஞாயிறு
வேண்டாமை மடியில் போட்டுச் சீவினேன்.
சீப்பில் ஒரு கைப்பிடி சாம்பல் முடி.
குப்பைச் சரிவின் மூடியைத் திறந்துவிட்டு
அப்படியே நின்றேன்.

புதுப் பஞ்சு. அதன்மேல் துணிப்பசை.
பசைமேல் முடி, நெருக்கி ஒட்டாமல்,
காற்று உள்ளே வந்து
வழி தெரியாமல் களைத்துப்போகிற அளவுக்கு.
"மைக்குக்கு மீசை மொளச்சிருக்கு"
என்றான் தயாபரன்.
பூனை மோந்து பார்த்துவிட்டு
அவமானப்பட்டதுபோல் நகர்ந்தது.

திங்கள். எண்பது. பெஞ்சுரு.
கண்டெய்னர் லாரி, அதேதானோ என்னவோ.
"இப்ப கேக்குதா?"
கொஞ்ச நேரம் பதில் இல்லை.
"முழுசா கேக்குது," என்றான்,
பிறர் வீட்டுக்குள் தவறி நுழைந்தவன் குரலில்.

என் உதட்டில் ஒரு முடி.
ஹெல்மெட்டுக்குள் துப்ப முடியாது.
அதோடு சேர்த்தே சொன்னேன்,
ஒவ்வோர் எழுத்தாக, மகரமெய் வரைக்கும்:
அன்னிக்கு நான் சொன்னது வேண்டாம்.

மறுமுனையில் பேருந்து பிரேக் அடித்தது.
அவன் சொன்னதில் எனக்கு வந்தது
"தெரி" மட்டும்.

அவன் போனில் பஞ்சு இல்லை.