இரண்டு டாலர் குறிகளுக்கு நடுவே

துளசிமணி கேட்டது ஒரே ஒரு சமன்பாடு.
ஆலையின் விக்கியில், பதினேழாம் பக்கத்தில்,
மாங்கூழ் டப்பா கொதிநீரில்
எத்தனை நிமிடம் கிடக்க வேண்டும் என்று
சொல்ல வேண்டிய இடத்தில்.

அதுவரை அங்கே இருந்தது ஒரு புகைப்படம்.
வெள்ளைப் பலகை, அதன்மேல் டியூப்லைட் வெளிச்சம்,
ஓரத்தில் யாரோ ஒருவரின் டீ டம்ளர்.
தொண்ணூற்று மூன்றில் ஒன்பதின் வால்
மை இழுவி, வளைந்து, எட்டாகியிருந்தது.
போன ஜூனில் ஒரு புதுப்பையன்
எண்பத்து மூன்று என்றே படித்துக் கணக்குப் போட்டான்.
நாற்பது பெட்டி உப்பியது.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நாற்றம் மட்டும்
காவேரிப்பட்டணத்து ஆற்றுப்பாலம் வரை போய்
நாலு நாள் தங்கிவிட்டு வந்தது.

"படம் வேண்டாம்" என்றாள். "எழுத்தா வேணும்.
திருத்தினா யார் திருத்தினதுன்னு தெரியணும்."

இரவு ஷிப்டில் மூன்று செருகுநிரல் பார்த்தேன்.
ஒன்று எங்கோ தூரத்து சர்வரைக் கேட்டு வரைந்து வாங்கும்;
இங்கே தூறல் போட்டாலே இணையம் படுத்துவிடும்.
ஒன்று சமன்பாட்டைப் படமாக மாற்றும்.
மறுபடியும் படமா?
மூன்றாவது உலாவிக்குள்ளேயே அச்சுக் கோக்கும்,
தன் எழுத்துருவைத் தானே சுமந்துகொண்டு வரும்,
கட்டுச்சோறு எடுத்து வருகிற ஆள் மாதிரி.
அதை இறக்கினேன். கோப்புறையில் அவிழ்த்தேன்.
கட்டமைப்பில் ஒரே வரி சேர்த்தேன்.

விக்கி முழுக்க வெள்ளைத் தாளானது.

பாயிலர் முனிகிருஷ்ணன் கதவில் சாய்ந்து
"எல்லாம் போயிடுச்சுங்களா?" என்றார்.
"ஒரு அரைப்புள்ளிதாண்ணா போச்சு."
அவர் நம்பவில்லை. நானும் பாதிதான்.
அதைத் தேடி வைக்க ஒன்றரை மணி ஆனது.

அப்புறம் தட்டினேன்:
சாய்கோடு, இன்ட். சுருள் அடைப்பு திற, மூடு.
பத்தின் தலைமேல் ஒரு பின்னம்,
பின்னத்தின் தலைமேல் ஒரு கழித்தல்.
தட்டும்போது அது கணிதமாகவே இல்லை,
காற்றில் சாய்ந்த வேலிக்கால் வரிசை.
பக்கத்தைப் புதுப்பித்தேன்.
தொகையீட்டுக் குறி எழுந்து நின்றது,
பெங்களூரா மரத்தில் சாத்திவைத்த துரட்டி போல,
காம்பு முறிந்து பால் வடியாமல்
வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய் இறக்கத் தெரிந்தது போல.
ஒன்பது, ஒன்பதாகவே.

காலையில் ஏற்றுமதிப் பிரிவு பர்வீன் வந்தார்.
"என் விலைப் பக்கத்தை யார் என்ன பண்ணினது?"

அந்த வரி நேற்று வரை இப்படி இருந்தது:
ஜெபல் அலி டன் $870, விவசாயிக்குக் கிலோ ஏழு ரூபாய், போன சீசன் டன் $910.
இன்று டாலர் இரண்டும் காணோம்.
டாலருக்கும் டாலருக்கும் நடுவில் கிடப்பதெல்லாம்
கணிதம் என்று செருகுநிரல் நம்பிவிட்டது.
கணிதத்தில் இடைவெளிக்கு வேலையில்லை.
விவசாயிக்குக்கிலோஏழுரூபாய்போனசீசன்டன்
என்று மூச்சு விடாமல் ஒரே மாறியாய்
நெருக்கிக்கொண்டு நின்றது.

கொஞ்ச நேரம் அது எனக்குப்
பிழையாகவே தெரியவில்லை.
வெளியே டிராக்டர்கள் பைபாஸ் வரை.
எடைமேடையில் யாரோ சத்தம் போட்டார்கள்,
"ஈரம்னு சொல்லி எவ்வளவுங்க கழிப்பீங்க?"

"இங்க பாருங்க, கப்பல் பன்னிரண்டு மணிக்கு" என்றார் பர்வீன்.

ஒற்றை டாலரை அணைத்தேன்.
இனிமேல் சமன்பாடு வேண்டுமென்றால்
சாய்கோடும் பிறை அடைப்பும் போட்டுக் கேட்க வேண்டும்.
துளசிமணியின் பக்கத்தைக் கையால் மாற்றினேன்,
மாற்றக் குறிப்பில் எழுதினேன்:
கணிதம் வேலை செய்கிறது. டாலர் டாலராகவே இருக்கும்.

"இன்னும் ஒட்டிக்கிட்டுத்தானே இருக்கு?"
"பழசு உங்க கணினியில தங்கியிருக்கும். ஒரு தடவை புதுப்பிங்க."

புதுப்பித்தார்.
டாலர் இரண்டும் தத்தம் இடத்துக்கு வந்தன.
இடைவெளிகள் வந்தன.
ஏழு தனியாக விலகி நின்றது.
ஏழாகவே.