இடைவேளையில் ஒன்றுக்குப் பூஜ்ஜியம்

காட்பாடி ஜங்ஷனைத் தாண்டி
வேலிகாத்தான் மண்டிய மைதானம்.
இடைவேளை. ஒன்றுக்குப் பூஜ்ஜியம்.
முந்தி நிற்பது நாங்கள் இல்லை.

ஏகாம்பரம் சார் தண்ணீர் பாக்கெட்டைப்
பல்லால் கிழித்தபடி டாஸைத் திட்டுகிறார்.
கேப்டன் பூ கேட்டாளாம், தலை விழுந்ததாம்,
அதனால்தான் வெயில் முழுக்க எங்கள் கண்ணில்.
மே மாத வேலூர் வெயில்;
நாலரை மணிக்கும் வீட்டுக்குப் போக மனசில்லாதது.
அடுத்த பாதியில் அது அவர்களுக்கு.
அதற்குள் மேகம் வந்துவிடும், எங்கள் ராசி.

பிரியாணி என்கிறாள் எழிலரசி.
ஆம்பூரிலிருந்து எங்களோடு அதே வேனில்
அண்டாவாக வந்தது, மேனேஜர் அன்பளிப்பு.
தின்னாமல் எப்படி?

ராத்திரி ஷிப்டில் நூற்றுச் சொச்சம் ஜோடிக்கு
மேல்தோல் தைத்துவிட்டு வந்த ஜெரீனா
ஒன்றும் சொல்லவில்லை.
முழங்காலையே பார்க்கிறாள்.
அவள் கால் பட்டுத்தான் பந்து உள்ளே போனது.

நான் கோல்கீப்பர். எனக்குத் தெரியும்.
முப்பத்தோராவது நிமிடம்
ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ்.
நிலக்கரி, நிலக்கரி, சிமெண்டு, மறுபடி நிலக்கரி.
“விடு, என் பந்து” என்று
தொண்டை கிழியக் கத்தினேன்.
எனக்கே கேட்கவில்லை.
ஜெரீனா காலை நீட்டினாள்.
என் இடது கைக்கும் கம்பத்துக்கும் நடுவே
பந்து அவசரமே இல்லாமல் நடந்துபோனது.

நாளைக்குப் பேப்பரில் வந்தால்
‘முதல் பாதியில் ஆதிக்கம்’ என்று நாலு வரி வரும்.
ஐம்பத்தெட்டு வேகன். எண்ணினேன்.
வலையிலிருந்து பந்தை எடுக்கும்போது
வேறு எங்கே பார்க்க?

ஆனால் அந்த வண்டி
அவர்களுக்கும்தானே ஓடியது?
அவர்கள் கீப்பர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்,
தொட்டிலிலிருந்தே இந்தச் சத்தத்தில் தூங்கியவள்.
தண்டவாளம் அதிர ஆரம்பித்ததும்
வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்குவாள்:
விரித்தால் விடு, மடக்கினால் அடி.
பாதி ஆட்டம் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
ஏதோ ஸ்டைல் என்று நினைத்து.

சார் மண்ணில் குச்சியால் அம்பு போடுகிறார்,
அம்பின் மேலேயே நின்றுகொண்டு.
தூரத்தில் எதற்கோ கேட் மூடும் மணி.
ஜெரீனா பக்கத்தில் போய் உட்கார்ந்து
கிளவுஸோடு கையை விரித்துக் காட்டுகிறேன்.

“இன்னா?”

“விடுன்னு அர்த்தம்.”

கையை இழுத்து மடியில் வைத்துக்கொள்கிறாள்.
கட்டைவிரல் ஓரத்தில் பிரிந்த நூலை
நகத்தால் நெருடிப் பார்க்கிறாள்.

“யாருடி தெச்சது இத,
இவ்ளோ கேவலமா?”