இணையம் மட்டும்

குத்தாயிசி விமான நிலையம். விடிகாலை மூன்று பத்து.
இலவச வைஃபை உண்டு என்றது சுவர்.
எண்ணைக் கொடு, குறியீடு அனுப்புகிறேன் என்றது வைஃபை.
எண்ணோ தூக்கத்தில்.
ரோமிங் கட்டணத்துக்குப் பயந்து
விமானம் ஏறும் முன்பே அணைத்திருந்தேன்.
புதிதாய் வாங்கிய இ-சிம் விழிக்கவோ
இணையம் வேண்டும்.
கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்,
பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம்.

இந்த சிம்முக்கு உடம்பு கிடையாது.
குண்டூசியால் குத்தித் திறக்கும் தட்டு இல்லை,
நகத்தளவுத் தகட்டைத் தவறவிட்டு
தரையில் தவழும் வேலை இல்லை.
கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒன்று.
கேமரா அதைப் பார்த்தால் போதும்.
கட்டம் இருந்தது அதே கைபேசிக்குள்.
தன் முதுகைத் தானே பார்க்கச் சொன்னால்
எந்தக் கண்ணால் பார்க்கும்?
அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று
கம்பெனிக்காரன் எழுதியிருந்தான்தான்.
யார் படித்தது.

காப்பி இயந்திரத்துக்குப் பால்பொடி நிரப்பிக்கொண்டிருந்தவள்
சட்டையில் பெயர் குத்தியிருந்தாள்.
அந்த எழுத்து தூரத்தில் நம் எழுத்துபோல் வளைந்தது,
கிட்டே போனால் கைவிட்டது.
ஷோரேனா என்று அவளே சொன்னாள்.
நான் கைபேசியைக் காட்டினேன்,
கட்டத்தைக் காட்டினேன்,
கண்ணைக் காட்டி, முதுகைக் காட்டினேன்.
முதுகுவலி என்று நினைத்து நாற்காலி இழுத்துப் போட்டாள்.

பிறகு புரிந்தது. எப்படிப் புரிந்ததோ.
தன் கைபேசியில் என் திரையைப் படமெடுத்தாள்.
அவள் திரையில் மூலைக்கு மூலை விரிசல்.
விரிசல் கட்டத்தைக் கிழிக்க
என் கேமரா விழித்தது, மறுத்தது, விழித்தது.
படத்தை அவள் இரண்டு விரலால் சுருக்கி
விரிசல் படாத ஓரத்துக்கு ஒதுக்கினாள்.
பிடித்துக்கொண்டது.
அதற்கும் இணையம் வேண்டுமே என்பதற்குள்
தன் ஹாட்ஸ்பாட்டைத் திறந்தாள்.
கடவுச்சொல் லாஷா2003.
மல்யுத்த உடையில், கழுத்தில் பதக்கத்தோடு
அவள் முகப்புத் திரையில் நின்ற பையனின் பெயர்
அப்படித்தான் தெரிந்தது.
போலந்து, என்றாள். கிடங்கு, என்பதுபோல்
பெட்டி தூக்கிக் காட்டினாள்.

செயல்படுத்தப்படுகிறது.
செயல்படுத்தப்படுகிறது.
இரண்டு கோடு, மூன்று கோடு.
ஏழு நாள், மூன்று ஜிபி.

எண் கேட்டாள்.
இந்த சிம்முக்கு எண்ணே இல்லை, இணையம் மட்டும்.
இதை எந்தக் கையால் நடித்துக் காட்டுவது?
ஊர் எண்ணை அழுத்திக் கொடுத்தேன்.
சரிபார்க்க உடனே அழைத்துப் பார்த்தாள்.
புருவம் ஏறியது. கைபேசியை என் காதில் வைத்தாள்.
'நீங்கள் தொடர்புகொண்ட வாடிக்கையாளர்
தற்போது ஸ்விட்ச் ஆஃப் செய்துள்ளார்.'
நாலாயிரம் கிலோமீட்டருக்கு இப்பால்
அவ்வளவு சுத்தமான தமிழ்.
"தெதா?" என்று கேட்டாள் ஷோரேனா.
டேட்டா அவள் நாக்கில் இப்படி வருகிறது என்று
வேகமாகத் தலையாட்டினேன். தெதா, தெதா.
அவள் முகம் மாறியது.
காப்பி இயந்திரத்தின் சத்தத்தை நிறுத்தினாள்.
மீண்டும் அழைத்து என் காதில் வைத்து
முழுதும் கேட்டு முடியும்வரை
வேறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் விடுதிக்காரர் த்சோத்னே
அவித்த பீன்ஸ் வைத்த ரொட்டியைப் பிய்த்தபடி
எனக்குச் சொல் கற்றுத்தந்தார்.
மாமா என்றால் அப்பா.
சிரித்தேன்.
தெதா என்றால் அம்மா.

ஏழாம் நாள் அதே இயந்திரம்,
பால்பொடி நிரப்பியவன் வேறு ஆள்.
ஷோரேனா என்றேன். கைக்கடிகாரத்தைத் தட்டி
இரவு, என்றான்.
என் விமானம் பகல் பதினொன்றுக்கு.
'இந்தத் திட்டத்தை நீக்கவா?'
நீக்கினேன். எதுவும் கீழே விழவில்லை.

அவள் கைபேசியில் இன்னும் கிடக்கலாம்,
ஒருமுறை திறந்து இனி எதையும் திறக்காத கட்டம்,
ஓரத்தில் என் கட்டைவிரல்.
ஊர் எண்ணை எழுப்பினேன்.
தவறிய அழைப்புகள் நான்கு, குத்தாயிசியிலிருந்து.
நான்கு முறையும் அம்மாதான் எடுத்திருப்பாள்.