ஒன்பதாவது போல்ட்

ஐப்பசி பிறக்க நாலு நாள் இருந்தது.
கீழ்வேளூர் கேட்டுக்குத் தெற்கே
மரியசெல்வம் பட்டறையில் ஜிப்ஸியை விட்டேன்.
படுதாவைக் கழற்றிடுங்க,
ஃபைபர் கூரையை மாட்டிடுங்க.
"மழைக்கு மட்டுமா டாக்டர்?"
இல்லை. எப்பவும்.

கையைத் துடைத்தபடி வண்டியை ஒரு சுற்று வந்தார்,
விலை படியாத மாட்டைச் சுற்றுகிறவர் மாதிரி.
"திறக்கத்தானே இதை வாங்குறாங்க."

திறக்கத்தான் வாங்கினேன்,
ராணுவ ஏலத்தில், முதல் ஆறு மாதச் சம்பளத்தில்.
ஒன்பது வருஷத்தில் திறந்தது மூன்று தடவை.
ராஜகிளியின் பீரோ
நின்றபடிதான் வருவேன் என்றபோது ஒன்று.
நெற்றியில் வெள்ளை விழுந்த உம்பளச்சேரிக் கன்றுக்கு
உள்ளே மூச்சு முட்டுகிறது என்று
அதன் சொந்தக்காரர் அழுதபோது ஒன்று.
மூன்றாவதை யாரிடமும் சொன்னதில்லை.
அகஸ்தியம்பள்ளி உப்பளத்து ரோட்டில், மாசி ராத்திரி,
இன்ஜினை அணைத்துவிட்டு
பின்சீட்டில் மல்லாந்து கிடந்தேன்.
ஒன்றும் நடக்கவில்லை. கொசு கடித்தது.
திரும்ப மூட ஒரு மணி நேரம், இரண்டு நகம்.

மீதி நாளெல்லாம்
திறக்கலாம் என்பதற்குக் கட்டிய வாடகை.
மஞ்சளேறிய பிளாஸ்டிக் ஜன்னல் வழியே
புரை விழுந்த கண்ணில் தெரிகிற மார்கழி ரோடு.
ஐம்பது தாண்டினால் படுதா அடிக்கிற அடியில்
போனில் கத்துவது பசுவா ஆளா தெரியாது.
தடுப்பூசிப் பெட்டியின் மூடி மேல்
ஒரு சொட்டு. கொஞ்சம் பொறுத்து
என் வலது தோள் மேல் ஒரு சொட்டு.

இதயதுல்லா பட்டன்களைப் பிரித்தான்.
இருபத்திரண்டு. பட், பட், பட்.
மடிப்பிலிருந்து
பதர் கொட்டியது, வேப்பம்பூ கொட்டியது,
ரெண்டு பல்லி முட்டை,
போன வருஷம் தேடு தேடென்று தேடிய
ஊசி மூடி ஒன்று.
கம்பிச் சட்டத்தின் போல்ட்டுகள்
டீசல் குடித்து, சுத்தியல் வாங்கி
எட்டு வந்தன.
ஒன்பதாவது தலை முறிந்து
உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.
"துளை போட்டு எடுக்கலாம்" என்றார் மரியசெல்வம்.
இருக்கட்டும், ரப்பர் வைத்து மூடிடுங்க.

கூரை தூக்க நாலு ஆள் வேண்டும்.
மூன்றுதான் இருந்தோம்.
மயிலாடுதுறைப் பாசஞ்சருக்காகக் கேட் மூடியிருக்க
மணல் லாரிக்காரர் ஒருவர்
பீடியை டயரில் அணைத்துவிட்டு வந்து
தோள் கொடுத்தார்.
முதல் தடவை ரெண்டு விரல் தள்ளி உட்கார்ந்தது.
மறுபடி தூக்கினோம்.
கேட் திறந்து ஹாரன்கள் கத்த
"இருங்கய்யா" என்றார் லாரிக்காரர்,
பிசகில்லாமல் உட்காருகிறவரை
கையை எடுக்கவில்லை.

"சுருட்டி வைக்கவா மேடம்? மனசு மாறினா?"
நான் பதில் யோசிப்பதற்குள்
இதயதுல்லா படுதாவைத் தரையில் விரித்து
முழம் போட்டுக்கொண்டிருந்தான்.
அவன் அத்தா குறுவையை அறுத்து
கொள்முதல் நிலைய வாசலில் குவித்துப் பதினோரு நாளாம்.
ஈரம் கூட என்று சாக்குக் கொடுக்கவில்லையாம்.
எடுத்துக்கோ என்றேன்.
மடிப்பில் ஒழுகும், பார்த்துக்கோ.
"மடிச்சாத்தானே" என்றான்.

சட்டம் மட்டும் பட்டறைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது,
சதை எடுத்த விலா மாதிரி.
அதைப் பார்த்தபோது, உண்மையைச் சொல்வதானால்,
தொண்டையில் ஏதோ.
மாசி ராத்திரியாக இருக்கலாம்,
பெயிண்ட் வாடையாகவும் இருக்கலாம்.

தலைஞாயிறு தாண்டும்போது பிடித்தது மழை.
படுதாவில் முணுமுணுத்த மழை அல்ல,
யாரோ மேலே மூட்டை மூட்டையாக
நெல்லைக் கொட்டுகிறார்கள்.
உள்ளே ஒரு பொட்டு இல்லை.
ஆனாலும் வலது தோளில்
பழக்கத்தில் போட்ட துண்டு கிடந்தது.
விரல் தானாகப் போய்
ரப்பருக்கு அடியில் அந்தப் போல்ட்டைத் தடவியது.

போன் அடித்தது. கோவில்பத்திலிருந்து,
கன்று போட்ட மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழவில்லை.
முதல் தடவையாக ஒவ்வொரு சொல்லும் கேட்டது.
"அங்கேயும் மழையா டாக்டரம்மா?"
ஆமாம் என்றேன்,
வெளியே.