பத்து சென்ட்

எங்கள் விடுதிக்கு இரண்டு நட்சத்திரம்.
பலகையிலிருந்து ஒன்று உதிர்ந்து
நாலு வருஷம் ஆகிறது.
முதலாளியிடம் சொன்னால்
"இன்னொன்றும் விழட்டும், சேர்த்து ஒட்டலாம்" என்கிறார்.

கத்தானியாவின் நட்டநடுவே,
சதுக்கத்துக் கருங்கல் யானைக்கு
இருநூறு தப்படி தள்ளி.
முன்னறைகளுக்குத் தேவாலயக் கும்மட்டம்,
பின்னறைகளுக்கு மீன்சந்தை,
வாடகையில் வித்தியாசமில்லை.
விடிகாலை மணியோசையையும்
நெத்திலி விலையையும்
எல்லாரும் கலந்துதான் கேட்டாக வேண்டும்.

கீழ்வாசலில் என் மேசை. பக்கத்தில் லிஃப்ட்.
மரப்பெட்டி; இரண்டு பேர், மெலிந்தவர்களென்றால்.
ஏறப் பத்து சென்ட் போட வேண்டும்.
இறங்குவது இலவசம்.
(ஏனென்று கேட்காதீர்கள்.
கட்டடச் சங்கத்தில் அதைக் கேட்டவர்
இப்போது மிலானில் இருக்கிறார்.)
சில்லறை இல்லாமல் வருகிறவர்களுக்காக
ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய
மஞ்சள் காசு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
பாரியிலிருந்து ஏர்சிலியா வந்தாள்,
அறை ஏழு, ஒரே இரவு.
சாவியைக் கொடுக்கும்போதே
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஒருவன்,
ஒரு காலைச் சற்றே இழுத்தபடி.
டூரின். கொர்ராதோ. அறை எட்டு.

"நீயுமா?"
"நகராட்சிக்குப் பக்கம்."
"மலிவும்."
"மலிவும்தான்."

மறுநாள் பத்தரை மணிக்கு
யானைக்கு எதிரேயுள்ள அலுவலகத்தில்
பிரிவதற்குக் கையெழுத்து.
பதினெட்டு வருஷத்தில்
மிஞ்சிய ஒற்றுமை சிக்கனம்தான் போலும்.
அன்றிரவு அவள் லிஃப்டில் போனாள்.
அவன் படியில்,
எழுபத்திரண்டு படி,
ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று.

கையெழுத்தாயிற்று.
பெட்டியை எடுக்கத் தனித்தனியே வந்தார்கள்.
அதற்குள் மலை இருமத் தொடங்கிவிட்டாள்.
எட்னாவை நாங்கள் வெறும் 'மலை' என்றுதான் சொல்வோம்,
அதுவும் பெண்பாலில்,
அடுத்த அறையில் கோபித்துக்கொண்டிருப்பவளைச்
சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி.
விமான நிலையம் மூடல்.
கார் கண்ணாடியெல்லாம் கருமணல்.
மேலிருந்து பீனா கத்தினாள்:
"சாரோ, உலர்த்திய துணி அத்தனையும் போச்சு!"

அதே சாவிகளைத் திருப்பிக் கொடுத்தேன்.
விரிப்புகளைக்கூட அவள் இன்னும் மாற்றியிருக்கவில்லை.

இரவு ஒன்பதரைக்குக்
குடையோடு அவன் வந்தான், தோளில் சாம்பல்.
குடையில்லாமல் அவள், தலைமுடியில் சாம்பல்,
ஒரே நாளில் நரைத்தவள் மாதிரி.
அவன் படிகளை அண்ணாந்து பார்த்தான்.
அவள் காசைப் போட்டுவிட்டுக்
கதவைக் காலால் பிடித்துக்கொண்டாள்.
"உன் முட்டி," என்றாள்.
வேறொன்றும் இல்லை.

மூன்று மாடிக்கு எங்கள் லிஃப்ட்
நாற்பத்தெட்டு நொடி எடுக்கும்,
வேலையில்லாத ராத்திரிகளில் எண்ணியிருக்கிறேன்.
வடம் முனகியது.
உள்ளே ஒரு தும்மல் கேட்டது,
சற்றுக் கழித்து இன்னொன்று, வேறு குரலில்.
பிறகு மேலே இரண்டு கதவுகள்
ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

விடியுமுன் அவள் பஸ் பிடித்துப் போய்விட்டாள்.
ஒன்பது மணிக்கு அவன் இறங்கி வந்து
மேசைமேல் பத்து சென்ட் வைத்தான்.
"நேற்று என் பங்கையும் அவளே போட்டுவிட்டாள்."
ஆளுக்கு இல்லை ஐயா,
தடவைக்குத்தான் காசு என்றேன்.
"இரண்டு பேர் போனாலும்?"
"இரண்டு பேர் போனாலும்."

காசை விரலிடுக்கில் உருட்டியபடி நின்றான்.
ரயில் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது,
எனக்கே பதற்றமாக இருந்தது.
பிறகு கிண்ணத்தில் போட்டுவிட்டுப்
பெட்டியை எடுத்துக்கொண்டான்.

வாசலைக் கூட்டினேன். மூன்று வாளி.
மதியம் ஒரு குடும்பம் வந்தது,
ஐந்து பேர், ஆறு பெட்டி,
யார் முதலில் ஏறுவதென்று
பிள்ளைகளுக்குள் சண்டை.
கிண்ணத்தை நீட்டினேன்.