பதினான்கு நிமிடம்

தும்பியை எடுத்துவிட்டேன்.
நீலத் தும்பி. போனை உயிர்ப்பிக்கும் போதெல்லாம்
கறுப்புத் திரையில் மூன்று முறை சிறகடித்து,
டிங் என்று ஒரு மணி அடித்து,
கம்பெனியின் பெயரை முழுசாகச் சொன்ன பிறகுதான்
நேரம் என்ன என்று காட்டும்.

பின்பக்கத்துத் தும்பி சுலபம், அது வெறும் அச்சு.
கோடாலித் தைலம் நாலு சொட்டு,
கிழிந்த பனியன், கட்டைவிரல் நகம்.
முதலில் வால் போனது. பிறகு இறக்கைகள்.
தலை மட்டும் அரைமணி நேரம் அடம்பிடித்தது.
இப்போது அங்கே ஒன்றுமில்லை.
சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் மட்டும்
சுற்றிலும் நிறம் மங்கிய முதுகில்
மங்காத ஒரு தும்பி.

உள்ளே இருந்ததற்குத்தான் பயந்தேன்.
ஷு லிங் தம்ப்டிரைவில் கோப்பைத் தந்து,
நடுவில் கேபிள் கழன்றால் செங்கல்தான் என்றாள்.
பிடோக் வடக்கு, எட்டாவது மாடி, ஞாயிறு மதியம்.
சோற்றுக் குக்கரைப் பிடுங்கி
அந்த இடத்தில் லேப்டாப்பைச் செருகினேன்.
இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினேன்.
சம்மதம் என்றால் மேல், வேண்டாம் என்றால் கீழ்.
மேல்.

பன்னிரண்டு விழுக்காடு.
மேல்வீட்டில் யாரோ கோலிக்குண்டு உருட்டினார்கள்,
எந்த வீட்டுக்கும் மேல்வீட்டில் உருட்டுவார்களே, அதே குண்டு.
இருபது. முப்பத்தொன்று.
முப்பத்தேழில் நின்றது.
நின்றதென்றால் நின்றேவிட்டது.

தெம்பனிஸ் கடை, மூன்றாம் எண் கவுண்டர், பதினோரு வருடம்.
சட்டைப் பையில் தும்பி, கழுத்துப்பட்டையில் தும்பி,
தண்ணீர் போத்தலில், பேனா மூடியில்.
அனுப்பியபோது சட்டைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.
போன் பழசு, நீயே வைத்துக்கொள் என்றார்கள்.

ஹம்தான் என்று ஒருவர் வருவார். பேருந்து ஓட்டுநர்.
ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போதெல்லாம் கேட்பார்:
மிஸ், அந்த மணியை மட்டும் எடுத்துவிட முடியுமா?
விடிகாலை நாலு மணிக்கு உயிர்ப்பித்தால்
பிள்ளை எழுந்துவிடுகிறது.
முடியாது சார். அது உள்ளேயே இருக்கிறது.
அடுத்த முறையும் கேட்டார். அதற்கடுத்த முறையும்.
போனைக் கழிவறைக்கு எடுத்துப்போய்
துண்டில் சுற்றி உயிர்ப்பிக்கிறேன் என்று
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருடமும்
நான் முடியாது சார் என்றேன்.

பொய்யென்று தெரிந்து சொல்லவில்லை.
எனக்குச் சொல்லித் தந்த தாளில் அப்படித்தான் இருந்தது.
தாள் எழுதியவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ,
கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள்
அடுத்த டோக்கன் எண் எரிந்துவிடும்.

முப்பத்தெட்டு.
நான் மூச்சை விட்டேன். மேலே குண்டு மறுபடி உருண்டது.

நூறு ஆனதும் தானே அணைந்து தானே எழுந்தது.
தும்பி இல்லை. மணி இல்லை.
கறுப்பு, கறுப்பு, பிறகு 3:52.
மேல் மூலையில் பொடி எழுத்தில்
வேறொரு கம்பெனியின் பெயர்.
அது சிம் கார்டு. போகட்டும்.

உடனே அடித்தது. ஷு லிங்.
எடுத்தேன்.
"வணக்கம், எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி,
நான் செண்பகவடிவு, உங்களுக்கு எப்படி..."
என்று நான்கு மொழியில் சொல்லப் பழகியதை
அவளுடைய மொழியில் கடைசி வார்த்தை வரைக்கும் சொல்லிவிட்டேன்.
அவள் சிரித்தாள், இருமும் வரை.
பிறகு அவளும் அதையே சொன்னாள். அவள் இரண்டாம் எண் கவுண்டர்.

பதினான்கு நிமிடம். லேப்டாப்பில் பதிவாகியிருக்கிறது.
குக்கரை மறுபடி செருகினேன்.
விரலில் தைல வாசம் சோறு வெந்த பிறகும் போகவில்லை.

ஹம்தானைக் கூப்பிட்டுச் சொல்லலாம்.
அவருடைய எண் கம்பெனிக் கணினியில் இருக்கிறது.
எனக்கு ஞாபகம் இருப்பது கடைசி நான்கு இலக்கம்,
ஆளைச் சரிபார்க்க ஒவ்வொரு முறையும் கேட்பேனே, அது.
முன்னால் இருக்கும் நான்கை
நான் கேட்டதே இல்லை.